நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு வெளியே

பெரம்பூர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரியும் உயரமான அடுக்குமாடிகள் எல்லாம் ஒரு காலத்தில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்த மண்ணில் எழுந்தவை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது அந்த ஆலைத் தொழிலாளர்களை நம்பித்தான். பி.பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஓடியாடி ஆள் சேர்த்தவர்கள். மேடைக்குத் திரு.வி.க. சங்கம் ஆரம்பத்தில் கேட்டவற்றில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளையை அரை மணியிலிருந்து நாற்பது நிமிடமாக்க வேண்டும் என்பது. வெறும் பத்து நிமிடம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சங்குக்கு வெளியே ஓடி, கை கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, விழுங்கி, அடுத்த சங்குக்குள் கேட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்த ஊரில் அந்தப் பத்து நிமிடத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது அந்த அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் என் நண்பர் மென்பொருள்காரர். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னதும் கொதித்துப்போனார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவரின் 90 மணி நேரப் பேச்சு வெளியானபோது வாட்ஸ்ஆப்பில் அரை நாள் திட்டித் தீர்த்தார். அதே மனிதர்தான், 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, "நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு. ஐரோப்பாவுல இதுக்குத்தானே சண்டை போடுறாங்க? கசக்குதா?" என்று கேட்டவர். அந்தத் திருத்தம் செத்துப்போய் நாளாகிவிட்டாலும் அவர் அந்தக் கேள்வியை விடவில்லை. அந்தக் கணக்குக்குள் நின்றிருக்க வேண்டியவர்களையே கேட்டுவிடலாம் என்று, மார்கழி முடிகிற சமயத்தில் மேற்கே போகும் ரயிலில் ஏறினேன். போக நினைத்தது மாதனூர். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ஷூ கம்பெனிப் பேருந்துகள் ஆள் ஏற்றும் ஊர்.

வாலாஜா, ராணிப்பேட்டை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத்தான் ஓடியது. இன்றைக்கு வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ராணிப்பேட்டை சிட்கோவுக்கும் சிப்காட்டுக்கும் போகிறவர்கள். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாசனை காற்றில் வர ஆரம்பிப்பது இங்கேதான். புதிதாக வருகிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். ஊர்க்காரர்களுக்கு அது தெரிவதே இல்லை.

ராணிப்பேட்டையில் எனக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் வெளியிலிருந்து மட்டும். 2015 ஜனவரி 31 விடியற்காலையில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து பக்கத்து டேனரிக்குள் பாய்ந்ததில் பத்துப் பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்த பையன்கள். வேலை நேரத்தில் அல்ல. வேலை முடிந்து அங்கேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது. வேலை செய்கிற இடத்திலேயே படுக்கிறவனுக்கு எட்டு மணி நேரம் என்பது எங்கே முடிகிறது? டேனரி வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு வாட்ச்மேன், "அதெல்லாம் பழைய கதை மேடம், இப்போ யாரும் உள்ளே படுக்கிறதில்ல" என்றார். அவருக்குப் பின்னால் கயிற்றில் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன.

ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கினேன். உள்ளே முந்திரி, பாதாம் பொடி வைத்து, பாகில் ஊறிய உருண்டை. ஒன்றுக்கு மேல் சாப்பிட முடியாது. நான் இரண்டு சாப்பிட்டேன்.

பொய்கை, பள்ளிகொண்டா

வேலூர் தாண்டியதும் பொய்கை. செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை, பொங்கல் நெருங்குவதால் வண்டி நிறுத்த இடமில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒரு கையில் கூகுள் பே திறந்தபடி. மாட்டுக்கும் தோலுக்கும் இடையில் உள்ள தூரம் இந்தச் சாலையில் சில மைல்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் ஆம்பூர் டேனரிகளுக்கு வரும் தோலில் நிறைய இப்போது வெளிமாநிலத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறது என்று லாரிக்காரர் ஒருவர் என் ஆசையில் மண்ணைப் போட்டார்.

பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரையில் ரங்கநாதர் படுத்திருக்கிறார். கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி, "இந்த ஜில்லாவுல நிம்மதியா படுத்துனு கீறவரு இவரு ஒருத்தருதாம்மா" என்றார். அவருடைய மருமகள் ஷூ கம்பெனியில், பேத்தி வேறொரு ஷூ கம்பெனியில்.

மாதனூர்

நிர்வாகக் கணக்கில் மாதனூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து. கேட்டால் இன்னும் "வேலூர் பக்கம்" என்றுதான் சொல்கிறார்கள். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை இரண்டாக வகுந்துகொண்டு போகிறது. தெற்கே ஒடுகத்தூர்ச் சாலை, அதற்கும் பின்னால் ஜவ்வாது மலை. வடக்கே பாலாறு, அதைத் தாண்டினால் குடியாத்தம். ரயில்பாதை ஆற்றுக்கு அந்தப் பக்கமாகவே போய்விடுவதால் மாதனூருக்கு எல்லாமே சாலைதான்.

காலை ஐந்தே முக்காலுக்குச் சாலையோரம் வந்து நின்றேன். மலைப்பக்கத்திலிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வாசல்களில் கோலம் முடிந்து பறங்கிப்பூவும் வைத்தாகிவிட்டது. அப்படியானால் அந்த வீட்டுப் பெண்கள் எப்போது எழுந்தார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆறு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்: இரு சக்கர வண்டியில் புருஷன் கொண்டுவந்து விட்டவர்கள், ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேராக வந்தவர்கள், நடந்து வந்தவர்கள். தலையில் பூ, தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை. ஆண்களும் இருந்தார்கள், ஷூவை அச்சில் ஏற்றும் லாஸ்டிங்குக்கும் தோல் வெட்டும் கட்டிங்குக்கும் போகிறவர்கள். ஆனால் சாலையோரக் கூட்டம் பெண்களுடையது. டேனரி ஆண்களின் வேலையாக இருந்தது. 1970களில் அரசு பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலையும் ஷூவையும் ஊக்குவித்த பிறகு இந்தப் பகுதியில் தையல் லைன்கள் பெருகின. தையல் லைன் என்றால் பெண்கள்.

டீக்கடை அக்காதான் என்னை அறிமுகப்படுத்தி வைத்தார். "மெட்ராஸ்லருந்து வந்துகீறாங்க. வேலை நேரத்தப் பத்தி எழுதப் போறாங்களாம்." ஸ்டிச்சிங்கில் பதினோரு வருஷமாக இருப்பதாகச் சொன்ன ஒருவர் சிரித்தார். "எழுதிக்கோங்க மேடம். நாலு மணிக்கு எழுந்திரிக்கிறது. அதுல இருந்து எழுதுங்க."

எழுதிக்கொண்டேன். நாலு மணிக்கு அடுப்பு. பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் இட்லி. தனக்கும் புருஷனுக்கும் மதியத்துக்குச் சோறு, சில நாள் கேழ்வரகுக் களியும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும். ஆறேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாதனூரில் கம்பெனி பஸ். பஸ் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். எட்டரைக்கு பெல். சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்கு இரண்டு தடவை பத்து நிமிடம். ஐந்தரைக்கு விடும். திரும்ப அதே பஸ், அதே சுற்று. வீடு சேர ஏழு. இது ஓ.டி. இல்லாத நாளில்.

கையில் இருந்த பேனாவால் அங்கேயே கூட்டிப் பார்த்தேன். வீட்டுப்படியிலிருந்து வீட்டுப்படிக்கு ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம். ஆறு நாளைக்கு எழுபத்தாறுக்கு மேல். நாராயணமூர்த்தி கேட்ட எழுபதை இந்த அம்மா எப்போதோ தாண்டிவிட்டார். ஊதியம் கொடுக்கிற ஏட்டில் மட்டும் அது நாற்பத்தெட்டு.

அந்த நாற்பத்தெட்டுக்குள்ளும் நேரத்தை அளப்பது கடிகாரம் அல்ல. லைனுக்கு முன்னால் ஒரு போர்டு. ஒவ்வொரு மணிக்கும் எத்தனை ஜோடி முடிய வேண்டும், எத்தனை முடிந்தது என்று சூப்பர்வைசர் எழுதிக்கொண்டே இருப்பார். டார்கெட் வராத மணி அடுத்த மணியின் கழுத்தில் ஏறும். பாத்ரூமுக்கு எழுந்தால் பக்கத்து மெஷின்காரியின் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தேங்குவது அவளிடம். "எட்டு மணி நேரம்னு சொல்றாங்களே, அந்த எட்டுக்குள்ள பத்தைத் திணிக்கிறாங்க. அது யாருக்கும் தெரியாது" என்றார் ஸ்கைவிங்கில் இருக்கும் இன்னொருவர். ஸ்கைவிங் என்பது தோலின் ஓரத்தை மடிப்பதற்கு வாகாக இழைத்து மெலிதாக்குவது. கண் பிசகினால் தோலும் போச்சு, விரலும் போச்சு.

என் நண்பரின் கேள்வியை அவர்களிடம் வைத்தேன். நாலு நாள், பன்னிரண்டு மணி நேரம், மூன்று நாள் விடுமுறை.

இங்கே அந்தச் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்ற பிரிவைப் புதிதாகச் செருகியது. அரசு விரும்பினால் எந்தத் தொழிற்சாலைக்கும் வார வேலை நேரம், தினசரி வேலை நேரம், வார விடுமுறை, ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் ஆகியவை பற்றிய பிரிவுகளிலிருந்து விலக்குத் தரலாம் என்பது அதன் சாரம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விரும்புகிற ஆலைகளுக்கு மட்டும், விரும்புகிற தொழிலாளர்களுக்கு மட்டும் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்களுடன் பேசிய பிறகு ஏப்ரல் 24 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதை நிறுத்திவைத்தார். மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறாவது ஆண்டு அது. தேதி தானாக அமைந்ததா, அமைத்துக்கொண்டார்களா என்பதை விட்டுவிடலாம்.

ஐரோப்பாவில் நடப்பதோடு இதை ஒப்பிடுவது சரியல்ல. 2022இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய நாலு நாள் வாரச் சோதனையின் அடிப்படை, சம்பளம் குறையாமல் வேலை நேரத்தைக் குறைப்பது. ஐஸ்லாந்தில் அதற்கு முன்பு நடந்ததும் அப்படித்தான். இங்கே கொண்டுவரப் பார்த்தது பன்னிரண்டு பெருக்கல் நாலு. ஒரு மணி நேரம்கூட இறங்கவில்லை.

ஆனால் சாலையோரத்தில் நின்றவர்கள் இந்தப் பெருக்கலுக்கே போகவில்லை. ஸ்டிச்சிங் அக்கா நேராகப் பஸ்ஸுக்கு வந்தார்.

"பன்னண்டு மணி நேரம் கம்பெனில. சாப்பாடு, டீ அது தனி. அப்புறம் பஸ்ஸு. ராத்திரி பத்தரைக்கு வந்து இறங்கினா, திரும்ப நாலுக்கு எழுந்திரிக்கணும். நாலு நாளும் பசங்க மூஞ்சிய பாக்கவே முடியாது."

"அப்புறம் மூன்று நாள் வீட்டில் இருக்கலாமே?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருமே சிரித்தார்கள். "வீட்டுல எங்க இருக்கிறது? மூணு நாளைக்கும் ஏஜென்ட் மூட்டைய கொண்டாந்து இறக்கிடுவான்" என்றார் ஒருவர். பஸ் வந்துவிட்டது. "அக்கரைக்குப் போய்ப் பாருங்க, புரியும்" என்று ஜன்னலிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்.

பாலாற்றுக்கு அக்கரை

2021 நவம்பரில் வந்த வெள்ளம் மாதனூர் – குடியாத்தம் சாலையின் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனதைப் பற்றி இங்கே யாரிடம் கேட்டாலும் ஒரு கதை இருக்கிறது. பல ஆண்டு மணலாகக் கிடந்த ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே கூடியதாம். பாலம் போனதால் அக்கரைக்காரர்கள் கம்பெனிக்குச் சுற்றிப் போக வேண்டியிருந்ததும், அந்தச் சுற்றுக்கான நேரம் யார் கணக்கிலும் ஏறாததும் அந்தக் கதைகளின் பின்பாதி. நான் போனபோது ஆற்றில் நடுவே மட்டும் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர்.

இந்த ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று கொடுத்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் பாடப்புத்தகம். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு நம் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அதில்தான். 2025 ஜனவரியிலும் நீதிமன்றம் இதே டேனரிக் கழிவைப் பற்றி மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பானதால் விவசாயம் விட்டுப்போனவர்களின் மகள்கள்தான் இன்று காலை மாதனூரில் பஸ்ஸுக்கு நின்றவர்களில் பலர். நிலம் போனது ஒரு தலைமுறை, நேரம் போவது அடுத்த தலைமுறை.

அக்கரையில் ஒரு தெருவில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஷூவின் மேல்பாகம். இங்கே எல்லோரும் அதை அப்பர் என்கிறார்கள். கயிறு கட்டாத, மொக்காசின் வகைக் காலணியின் முன்பக்கம் சுருக்குச் சுருக்காக ஒரு கைத்தையல் ஓடுமே, அது மெஷினில் வராது. துளை போட்டுக் கம்பெனியிலிருந்து வரும். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். நூலை இழுத்து இழுத்துத் தைத்து முடித்தால் எண்ணி எடுத்துப் போவார். நூல் அறுத்துவிடாமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருக்கிறார்கள். சுற்றியும் கோடு விழுந்திருக்கிறது.

ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் ஷூவுக்காக ஆம்பூர்ச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் இப்படி வீட்டில் தைப்பதைப் பற்றிப் பெங்களூருவின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைடும் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு என்றது அது. இப்போது எவ்வளவு என்று கேட்டேன். தைப்பவர் பதில் சொல்வதற்குள் பக்கத்துத் திண்ணையிலிருந்து, "அதக் கேட்டு இன்னா பண்ணப் போறீங்க, ஏத்திக் குடுப்பீங்களா?" என்று குரல் வந்தது. நியாயமான கேள்வி. பேச்சை மாற்றினேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தைப்பீங்க?"

"மணி நேரம்னு இல்லம்மா. சோறு ஆக்கிட்டு தைப்பேன். சீரியல் பாத்துனே தைப்பேன். அவசர ஆர்டர்னா விடிய விடிய. வேலை இல்லன்னா பதினஞ்சு நாள் சும்மா."

இதே ஊருக்குள் இன்னொரு திண்ணையில் பீடி சுற்றுகிறார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி பழைய தொழில். அவர்களுக்கும் வீடுதான் ஆலை, அவர்களுக்கும் எண்ணிக்கைக் கூலிதான். ஆனால் அவர்களுக்கென்று 1966இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று அது ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அடையாள அட்டை, நல நிதி, பி.எஃப். எல்லாம் போராடிப் போராடிக் கிடைத்தன. பீடி சுற்றும் பாட்டி என்னிடம் அட்டையை எடுத்துவந்து காட்டினார். அப்பர் தைக்கும் மருமகளிடம் காட்ட ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதில் சேரவில்லை. புகை உடலுக்குக் கேடு என்று பீடித்தொழில் தேய்ந்துகொண்டிருக்கிறது. அது தேயும்போது, வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணைத் தொழிலாளியாக மதித்த முன்மாதிரியும் அதோடு போய்விடுமோ என்ற கவலை எனக்கு வந்தது. வேலை நேரக் குறைப்பைப் பற்றி எத்தனை தீர்மானம் போட்டாலும், நேரம் என்ற ஒன்றே இல்லாத இந்தத் திண்ணைக்கு அது வந்து சேராது. கேட்டுக்குள் ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் அந்த ஒரு மணி நேரம் மூட்டையாகி ஆற்றைக் கடந்துவிடும். மாதனூரில் அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது அப்போது விளங்கியது.

ஆம்பூர்

ஆம்பூரில் இறங்கினால் முதலில் பிரியாணி. அதில் விவாதம் இல்லை. சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் அரைத்த சிவப்பு, பக்கத்தில் எண்ணெயில் மிதக்கும் கத்திரிக்காய். சென்னையில் ஆம்பூர் பிரியாணி என்று பலகை போட்டு விற்பதெல்லாம் மசாலா அதிகம். இங்கே அரிசிதான் பேசும். கடையில் பரிமாறிய பாய், காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவதாகச் சொன்னார். இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நாலு மணி.

சங்க ஆபீஸ் ஒரு மாடிப்படிக்கு மேலே. சுவரில் அம்பேத்கர், சிங்காரவேலர், பழைய மே தினச் சுவரொட்டி. அலமாரியில் டி. செல்வராஜின் 'தோல்' நாவல், அட்டை கிழிந்து டேப் ஒட்டி. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் கதைக்கு 2012இல் சாகித்ய அகாதமி கிடைத்தபோது இங்கே லட்டு கொடுத்தார்களாம். டேனரியில் முப்பது வருஷம் நின்ற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்புக்குழியில் இடுப்பளவு இறங்கித் தோல் புரட்டிய காலத்தில் நேரக் கணக்கே கிடையாது, "குழி காலியாச்சுன்னா போலாம்" என்பதுதான் சட்டம் என்றார். பிறகு டிரம் வந்தது, ஷிஃப்ட் வந்தது, சங்கமும் வந்தது.

சங்கத்துக்காரர் என்னைவிட இளையவர். அம்பேத்கர் படத்தைக் காட்டி, "இவரு குடுத்துட்டுப் போனதுக்கு மேல ஒரு மணி நேரம்கூட நாம குறைக்கல" என்றார். உண்மைதான். 1919இல் வாஷிங்டனில் உலகத்துக்கெல்லாம் 48 மணி நேரம் என்று முதல் சர்வதேச உடன்படிக்கை எழுதியபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 என்று தனிப் பிரிவு எழுதினார்கள். 1934 சட்டத்தில் அது 54 ஆனது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த காலத்தின் முடிவில், 1946இல், 48 ஆனது. பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் எட்டு மணி நேரம் அதற்கு முன்பே, 1937இல் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 30 அன்று பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் விழ வேண்டியிருந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 48ஐ அப்படியே வைத்துக்கொண்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் அதே 48. சுமார் எண்பது ஆண்டு. இந்த எண்பது ஆண்டில் ஒரு ஜோடி ஷூ தைக்க ஆகும் நேரம் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று அந்தப் பெரியவரைக் கேட்டால் சிரிப்பார்.

சாம்சங் பற்றிப் பேச்சு வந்தது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் 37 நாள் வேலைநிறுத்தம், சங்கத்தைப் பதிவு செய்வதற்கே. "அங்க ஒரே கேட்டு, ஒரே முதலாளி, பசங்க எல்லாம் இருபத்தஞ்சு முப்பது வயசு. இங்க நூறு கேட்டு. லைன்ல ஒரு பொம்பள சங்கத்துல சேந்தா அடுத்த வாரம் வேற ரூட்டு பஸ்ல போடுவாங்க. பஸ் மாறினா வீட்டுக்கு ஒரு மணி நேரம் லேட். அது ஒண்ணே போதும், சங்கம் வேணாம்னு சொல்ல வைக்க" என்றார். எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்வதாக நான் எழுதக்கூடாது என்றும் சொன்னார். முறையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பஸ் எப்படி ஒரு சாட்டையாக முடியும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

அப்போதுதான் அவர் ஈ.எஸ்.ஐ. விஷயத்தை எடுத்தார். கம்பெனி வண்டியில் போகும்போது விபத்து நடந்தால் அது வேலையின்போது நடந்த விபத்தாகவே கருதப்படும் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் நெடுங்காலமாக ஒரு பிரிவு இருந்தது. 2010 திருத்தம் இன்னும் ஒரு படி போய், வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிற வழியில் நடக்கும் விபத்துக்கும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், அந்தப் பாதுகாப்பை நீட்டியது. புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆக, பஸ் கவிழ்ந்தால் அந்த நேரம் வேலை நேரம். பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இல்லை.

ஆபீஸுக்குக் கணக்குப் பார்க்க வந்திருந்த ஒரு பெண் உறுப்பினர், பேக்கிங்கில் வேலை, அதுவரை ரசீது புத்தகத்திலிருந்து தலையே தூக்கவில்லை. இப்போது தூக்கினார்.

"அடிபட்டா வேலைங்கிறீங்க. உக்காந்துனு போனா சும்மாங்கிறீங்க. என்னா தோழர் இது?"

அடுத்த கூலி ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியல் மேஜைமேல் இருந்தது. முதல் வரி: வார வேலை நேரம் 48லிருந்து 44, சனிக்கிழமை அரை நாள், சம்பளம் குறையாமல். சங்கத்துக்காரர் கையெழுத்து. அந்தப் பெண் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, முதலில் பஸ்ஸை எழுதச் சொன்னார். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணிக்கு மேல் போகும் ரூட்டுக்கு இன்னொரு வண்டி விட வேண்டும், இல்லாவிட்டால் மீதி நேரத்துக்குக் கூலி.

"பஸ்ஸுக்குக் கூலின்னா எந்த முதலாளியும் கையெழுத்துப் போட மாட்டான்மா. சட்டத்துல கிடையாது."

"சனிக்கிழமை அரை நாளும்தான் சட்டத்துல கிடையாது. அத மட்டும் எழுதிகீறீங்க."

"அரை நாள்னா எல்லாருக்கும் புரியும். ஆம்பளைங்களும் வருவாங்க."

"அரை நாள் லீவு விட்டா, அந்த அரை நாளுக்கு மூட்டை வரும். பஸ்ஸு சீக்கிரம் வந்தா புள்ள தூங்கறதுக்குள்ள வீட்டுக்குப் போலாம்."

பெரியவர் தலையை ஆட்டினார், யாருக்கு என்று தெரியவில்லை. சங்கத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாதனூரில் கூட்டிய கணக்கைச் சொன்னேன், எழுபத்தாறு என்று. அவர் அந்த எண்ணைப் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, ரூட்டு வாரியாக எல்லாருக்கும் இப்படி எடுக்க முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். பொங்கல் லீவுக்கு முன்னால் ஒடுகத்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வண்டிகளில் எடுத்துவிடலாம், வாணியம்பாடிப் பக்கம் தனக்கு ஆள் இல்லை என்றார் அவர். பட்டியலில் எது முதல் வரி என்பதை அன்று அவர்கள் முடிவு செய்யவில்லை.